குளத்தில் மூன்று விநோத வாத்துகள்: வளர்ப்பினமா, கலப்பினமா?

குளக்கரைவாசி:

வணக்கம். பறவை பார்ப்பதில் நான் புதியவன். மல்லார்டு என்ற காட்டு வாத்துகள் கூட்டமாகத் திரியும் ஒரு குளத்தில், கையேட்டில் எந்தப் படத்தோடும் ஒத்துப்போகாத மூன்று வாத்துகளைப் பார்த்தேன். தெளிவாகப் படம் எடுக்கும் அளவுக்கு என்னிடம் கேமரா இல்லை. குறிப்பேட்டில் எழுதியதை அப்படியே தருகிறேன்.

முதல் வாத்து: உடல் முழுவதும் கறுப்பு. வெயில் பட்டால் பச்சையாக மினுங்குகிறது. தொண்டைக்குக் கீழே நெஞ்சில் மட்டும் வெள்ளைத் திட்டு. சிறகை விரித்தபோது ஓரத்து இறகுகளில் இரண்டு மூன்று வெள்ளையாகத் தெரிந்தன. பக்கத்தில் நின்ற மல்லார்டைவிட நன்றாகப் பெரியது. வால்மேல் சுருண்ட இறகு உண்டு. அலகு மங்கிய பச்சை, கால்கள் செம்மஞ்சளில் கருமை படர்ந்தவை.

இரண்டாவது: பெட்டை மல்லார்டு போலப் பழுப்பு. ஆனால் அலகு முழுவதும் மஞ்சள் கலந்த பச்சை. உச்சந்தலை கருத்திருந்தது, நெஞ்சில் செம்பழுப்பு சற்றுத் தூக்கல். மற்றவை பறந்து போனபோது இது மட்டும் நாணலுக்குள் நீந்தி மறைந்துகொண்டது.

மூன்றாவதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. நீண்ட, கருத்த உடல். தலையில் பச்சை மினுக்கம், கழுத்தின் முன்பக்கம் மட்டும் வெள்ளை வளையம், நெஞ்சு ஒயின் நிறம். வால் நீளமாகவும் அகலமாகவும் இருந்தது, சுருள் இல்லை. அலகு இளஞ்சிவப்பு, மேலே கருந்திட்டுகள். கண்ணுக்கும் அலகுக்கும் இடையே கொஞ்சம் வெறும் தோல் தெரிந்தது, சிவப்பு என்று நினைக்கிறேன். குவாக் என்று கத்தவில்லை, கரகரத்த மூச்சு மட்டும் கேட்டது.

என்னுடன் வந்த நண்பர் மூன்றுமே கலப்பினம் என்று சொல்லிவிட்டார். அவ்வளவு எளிதாக முடிவு கட்டிவிடலாமா?

இறகுப்பை:

முதலாவது மஸ்கோவி (முகத்தில் சிவப்புத் தோல் உள்ள பெரிய வாத்தினம்) கலப்பு. கறுப்பு, பச்சை மினுக்கம், சிறகில் வெள்ளை எல்லாம் மஸ்கோவியின் அடையாளங்கள். இரண்டாவதும் ஏதோ கலப்புதான், பெட்டைக்கு அந்த அலகு நிறம் வராது. மூன்றாவது இளம் மஸ்கோவி. முகத்துச் சிவப்புத் தோல் இனிமேல்தான் வளரும்.

சேற்றுத்தடம்:

குளக்கரைவாசி, உங்கள் குறிப்பு பல படங்களைவிட நன்றாக இருக்கிறது. அலகு, கால், வால் மூன்றையும் எழுதியிருக்கிறீர்கள். பாதிப் பேர் 'அழகான கறுப்பு வாத்து' என்று ஒற்றை வரியில் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பார்கள்.

முதலில் நண்பரின் தீர்ப்பை ஓரமாக வையுங்கள். கலப்பு என்று ஒருவர் சொன்னால், தகப்பன் எது, தாய் எது என்று நான் கேட்பேன். இரண்டுக்கும் பெயர் சொல்லி, இன்ன அடையாளம் இந்தப் பக்கத்திலிருந்து வந்தது, இன்னது அந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று காட்ட வேண்டும். காட்ட முடியாதவர் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. பெயர் தெரியாத வாத்தையெல்லாம் கலப்புக் கணக்கில் எழுதி மூடிவிடுவது பலருக்குக் கைவந்த பழக்கம். அதைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும்.

அடுத்து, நிறத்தைக் கடைசியில் பாருங்கள். மஸ்கோவி நீங்கலாக உலகத்து வளர்ப்பு வாத்தினங்கள் எல்லாமே மல்லார்டின் வழி வந்தவை. வெள்ளைப் பீக்கின், நிமிர்ந்து நடக்கும் இந்தியன் ரன்னர், காக்கி கேம்பெல், கறுப்புக் கயூகா, மல்லார்டு நிறத்திலேயே நான்கு கிலோவைத் தொடும் ரூவான், தலையில் கொண்டை வைத்த வாத்து, எல்லாம் உயிரியல் கணக்கில் ஒரே இனம். பல நூற்றாண்டுகளாக மனிதர் கைவைத்து மாற்றியது நிறத்தையும் பருமனையும் நிற்கும் வாகையும்தான். ஆகவே நிறத்தை நம்பிப் பெற்றோரைத் தேடினால் வழி தவறும்.

இனி உங்கள் முதல் வாத்து. வால்மேல் சுருண்ட இறகு என்கிறீர்கள். மல்லார்டு ஆணுக்கும் அதன் வழி வந்த வளர்ப்பு ஆண்களுக்கும் உரிய அடையாளம் அது. மஸ்கோவிக்குச் சுருள் கிடையாது. உடம்பில் வேறு என்ன மாறினாலும் வளர்ப்பு ஆண்களிடம் அந்தச் சுருள் பெரும்பாலும் தங்கிவிடுகிறது, வெள்ளைப் பீக்கின் ஆணிலும் பார்க்கலாம். ஒரு எச்சரிக்கை: சுருள் இருந்தால் மல்லார்டு ரத்தம் உண்டு என்று துணிந்து சொல்லலாம், இல்லாவிட்டால் எதையும் சொல்ல முடியாது. பெட்டைக்குச் சுருள் வராது, இறகு உதிரும் காலத்தில் ஆணுக்கும் விழுந்துவிடும்.

நெஞ்சில் ஒழுங்கான வெள்ளைத் திட்டும் சிறகோரத்தில் இரண்டு மூன்று வெள்ளை இறகும் சேர்ந்து வருவது வளர்ப்பினங்களில் நன்கு பழகிய கோலம். ஸ்வீடிஷ் என்ற இனத்தின் இலக்கணமே அதுதான். மஸ்கோவியின் சிறகு வெள்ளை வேறு இடத்தில் இருக்கிறது. அது சிறகின் முன்பகுதியில், தோளை ஒட்டிப் பெரிய பட்டையாக நிற்கும். நீங்கள் பார்த்தது சிறகின் நுனியில். இறகுப்பை, இரண்டு இடத்துக்கும் நடுவே ஒரு சிறகின் பாதி நீளம் இருக்கிறது!

உடம்பையும் கவனியுங்கள். காட்டு மல்லார்டு நீரில் மிதக்கும்போது வால் தூக்கலாக, உடல் லேசாக இருக்கும். கனத்த வளர்ப்பு வாத்து, சரக்கு ஏற்றிய படகு போல அமுங்கி மிதக்கும். கரையேறினால் அடிவயிறு தரையை உரசப் பார்க்கும். மல்லார்டு ஏறக்குறைய ஒரு கிலோ எடை. அதனோடு சேர்ந்து திரிந்து, கண்ணுக்குத் தெளிவாகப் பெரியதாக, அடிவயிறு தொங்கலாக ஒன்று இருந்தால் அதன் பாட்டன் பண்ணையில் வளர்ந்தவன்.

ஆக முதலாவது மல்லார்டு வழி வளர்ப்பு வாத்து. ஸ்வீடிஷ் என்று பெயர் வைக்கலாமா? நான் வைக்க மாட்டேன். குளத்துக்கு வந்து நாலைந்து தலைமுறை கலந்து பெருகிய வாத்துக்கு இனப்பெயர் சொல்வது வீண் வேலை. கறுப்பு மரபணுவும் வெள்ளைத் திட்டு மரபணுவும் எந்த வழியாகவும் வந்திருக்கலாம். அதே கூட்டத்தில் சாம்பல்நீல வாத்து ஒன்று இருந்தாலும் வியக்க வேண்டாம். கறுப்பை நீர்க்கச் செய்யும் மரபணு ஒன்று உண்டு. ஒரு பிரதி கிடைத்தால் நீலம், இரண்டு கிடைத்தால் வெளிறிய வெள்ளி நிறம். நீலத்தையும் நீலத்தையும் சேர்த்தால் குஞ்சுகளில் ஏறக்குறைய பாதி நீலம், கால் பங்கு கறுப்பு, கால் பங்கு வெள்ளி என்று பிரியும். இதைத் தெரியாதவர் ஒரே கூட்டில் பொரித்த குஞ்சுகளை மூன்று வெவ்வேறு 'கலப்பினம்' என்று எழுதிவிடுவார்.

கறுப்பில் வெள்ளை தோன்ற வேறு வழியும் உண்டு. கயூகா போன்ற கறுப்புப் பெட்டைகளுக்கு வயது ஏற ஏற, ஒவ்வொரு இறகுதிர்ப்பிலும் வெள்ளை இறகுகள் கூடும். ஆனால் அவை அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறி முளைக்கும், நெஞ்சில் மட்டும் ஒழுங்காக நிற்காது.

இரண்டாவது வாத்தில் எந்தப் புதிரும் இல்லை. அது சாதாரண மல்லார்டு ஆண். இனப்பெருக்கம் முடிந்ததும் ஆண் தன் பச்சைத் தலையையும் பளபளப்பையும் உதிர்த்துவிட்டுப் பெட்டையின் பழுப்பு உடையைப் போட்டுக்கொள்ளும். அலகு மட்டும் மாறாது. ஆணுக்கு மஞ்சள் பச்சை, பெட்டைக்குச் செம்மஞ்சளில் நடுவே கருந்திட்டு. அந்தக் காலத்தில் சிறகின் பறக்கும் இறகுகள் எல்லாம் ஒரே சமயத்தில் விழுவதால் மூன்று நான்கு வாரங்களுக்கு அதனால் பறக்க முடியாது. மற்றவை எழுந்தபோது அது நாணலுக்குள் நழுவியது ஏன் என்று இப்போது புரிந்திருக்கும். சில வாரங்கள் கழித்துப் பாருங்கள், தலையில் திட்டுத்திட்டாகப் பச்சை ஏறிக்கொண்டிருக்கும். அந்த இடைக்கோலத்தைப் பார்த்தும் கலப்பு என்று கூவுவார்கள்.

இதோடு ஒட்டிய சங்கதி ஒன்று. வாத்துகளில் ஆணின் பகட்டு உடைதான் இயல்பாக வருவது. பெட்டையின் ஈஸ்ட்ரோஜன் சுரப்பு அதைத் தடுத்துப் பழுப்பாக வைத்திருக்கிறது. வயதாகியோ நோயாலோ சூலகம் ஓய்ந்தால் பெட்டைக்கும் பச்சைத் தலையும் சுருள் வாலும் வந்துவிடும். ஆணின் உடையும் பெட்டையின் அலகுமாக ஒரு பறவை எதிர்ப்பட்டால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதுதான் உண்மையான கலப்பு என்று நினைக்கிறேன். தகப்பன், தாய் இரண்டையும் சொல்கிறேன்: மஸ்கோவியும் மல்லார்டு வழி வாத்தும். அகன்ற நீண்ட வால், நீண்ட உடல், அலகின் இளஞ்சிவப்பும் கருந்திட்டும், முகத்தில் வெறும் தோல் ஆகியவை மஸ்கோவி பக்கம். பச்சைத் தலை, வெள்ளைக் கழுத்து வளையம், ஒயின் நிற நெஞ்சு ஆகியவை மல்லார்டு பக்கம்.

இறகுப்பை:

முதலாவதையும் இரண்டாவதையும் விட்டுவிடுகிறேன். மூன்றாவதில் இன்னும் உடன்பாடு இல்லை. இளம் மஸ்கோவிக்கு முகத்தில் தோல் கொஞ்சமாகத்தான் இருக்கும், சிறகு வெள்ளையும் ஏறக்குறைய இருக்காது. வளர்ப்பு மஸ்கோவிகளில் வெள்ளைத் திட்டு எங்கு வேண்டுமானாலும் வரும், கழுத்தில் உட்பட. பச்சை மினுக்கம் மஸ்கோவிக்கும் உண்டு. குவாக் என்று கத்தாமல் மூச்சுவிட்டது என்கிறார், மஸ்கோவி ஆணின் குரல் அதுதானே? வளையத்தையும் மினுக்கத்தையும் வைத்து மல்லார்டை எப்படி உள்ளே கொண்டுவருகிறீர்கள்?

சேற்றுத்தடம்:

இது நல்ல கேள்வி. வளையத்தையும் மினுக்கத்தையும் விட்டுக்கொடுத்துவிடுகிறேன், நீங்கள் சொல்வது சரி. குரலையும் யாரும் சாட்சிக்கு அழைக்க வேண்டாம். மஸ்கோவி ஆண் சீறும், மல்லார்டு ஆணும் உரக்கக் கத்தாது, கரகரத்த தாழ்ந்த குரல்தான். ஊரறியக் குவாக் குவாக் என்று கத்துவது மல்லார்டு பெட்டை. ஆகவே குரலிலிருந்து அது ஆண் என்று ஊகிக்கலாம், அதற்கு மேல் ஒன்றும் கிடைக்காது.

மிச்சம் இருப்பது நெஞ்சு. மஸ்கோவியின் நிறங்களில் கறுப்பு உண்டு, வெள்ளை உண்டு, நீலம் உண்டு, உடல் முழுவதும் சாக்லேட் நிறமும் உண்டு. உடல் கருத்திருக்க நெஞ்சு மட்டும் ஒயின் நிறமாக நிற்பது மஸ்கோவியில் இல்லை. ஒயின் நிற நெஞ்சு மல்லார்டு ஆணின் கோலம். குளக்கரைவாசி அந்த நிறத்தைச் சரியாகப் பார்த்திருந்தால் வழக்கு அங்கேயே முடிந்தது. வெயில் சாய்ந்த நேரத்தில் பார்த்து, கறுப்பில் செம்மை ஓடியதை ஒயின் நிறம் என்று எழுதியிருந்தால் உங்கள் இளம் மஸ்கோவிக்கு இன்னும் உயிர் இருக்கிறது.

எனவே மறுபடி போனால் இவற்றைப் பாருங்கள். நிழலில் நிற்கும்போது நெஞ்சின் நிறம். முகத்துத் தோல் கூடுகிறதா: மஸ்கோவி ஆணாக இருந்தால் மாதக்கணக்கில் கரணை கரணையாகப் பெருத்துக் கண்ணைச் சுற்றி ஏறும், கலப்பில் சிறு திட்டாகவே நின்றுவிடும், பலவற்றில் அதுவும் இருக்காது. சீண்டப்பட்டால் உச்சந்தலை இறகைச் சிலிர்க்கிறதா: மஸ்கோவி கொண்டை போலத் தூக்கிக்கொண்டு தலையை முன்னும் பின்னும் ஆட்டும். கரையில் ஏறினால் நகத்தைப் பாருங்கள், மஸ்கோவி மரத்தில் அடையும் பறவை, நகம் நீண்டு கூர்மையாக இருக்கும். சிறகைத் தூக்கினால் முன்பகுதியில் வெள்ளை முளைத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

நாணல்வேர்:

காட்டினங்களுக்குள் நடக்கும் கலப்பு பற்றி யாரும் பேசவில்லையே என்று உள்ளே வந்தேன். சேற்றுத்தடம் சொல்லும் 'இரண்டு பெற்றோர்' விதி அங்கே இன்னும் கடுமையாக வேண்டும்.

எனக்குப் பிடித்த உதாரணம், ஐரோப்பாவின் சாதாரண போச்சார்டு வாத்துக்கும் குடுமி வாத்துக்கும் பிறக்கும் கலப்பு. அது தாய் தகப்பன் இரண்டையும் விட்டுவிட்டு, அமெரிக்காவின் லெஸ்ஸர் ஸ்காப் என்ற மூன்றாம் இனத்தைப் போலத் தோன்றும். அரிய விருந்தாளி வந்துவிட்டது என்று ஓடிப் போனவர்கள் எத்தனையோ பேர். தொலைநோக்கியில் இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும். ஸ்காப்பின் அலகில் கறுப்பு, நகம் எனப்படும் அலகு நுனியின் சிறு கடினப் பகுதியில் மட்டும் இருக்கும், கலப்பில் நுனி முழுவதும் கறுப்பு பரவியிருக்கும். ஸ்காப்பின் கண் மஞ்சள். போச்சார்டு ஆணின் சிவப்புக் கண்ணும் குடுமி வாத்தின் மஞ்சள் கண்ணும் சேர்ந்து, கலப்பில் ஆரஞ்சாக வந்துவிடும்.

பெரியவர்களும் இதில் சறுக்கியதுண்டு. 1822-ல் லூசியானாவில் கிடைத்த விநோத வாத்து ஒன்றைப் பறவை ஓவியர் ஆடுபான் வரைந்து, தனி இனமாக இருக்கலாம் என்று கருதி நண்பர் ப்ரூவரின் பெயரைச் சூட்டினார். அது மல்லார்டுக்கும் காட்வால் என்ற இன்னொரு காட்டு வாத்துக்கும் பிறந்தது. பெயர் மட்டும் இன்றும் நிலைக்கிறது. அந்த ஜோடிக் கலப்பைப் ப்ரூவர் வாத்து என்றே சொல்கிறார்கள்.

எல்லாக் கலப்பும் வேடிக்கையில் முடிவதில்லை. அமெரிக்க ரட்டி வாத்து பிரிட்டனுக்குக் கொண்டுவரப்பட்டுத் தப்பிப் பெருகி, ஸ்பெயின் வரை போய் அங்கிருந்த வெள்ளைத்தலை வாத்தோடு கூடியது. பிறந்த கலப்புகள் மலடல்ல. அரிதான வெள்ளைத்தலை இனமே கரைந்துவிடும் என்ற அச்சத்தில்தான் 2005 முதல் பிரிட்டனில் ரட்டி வாத்துகளை ஒழிக்கும் வேலை நடந்தது. நியூசிலாந்தில் கொண்டுவந்து விடப்பட்ட மல்லார்டு, அங்குள்ள சாம்பல் வாத்தோடு இதே காரியத்தைச் செய்துகொண்டிருக்கிறது. குளத்தில் கொண்டுபோய் வளர்ப்பு வாத்தை விடாதீர்கள் என்று நாங்கள் கத்துவது இதனால்தான்.

குளக்கரைவாசி:

அனைவருக்கும் நன்றி. இடையில் சில முறை போய்வந்தேன். இரண்டாவது வாத்தின் கழுத்துப் பக்கம் பச்சை ஏற ஆரம்பித்துவிட்டது, பறக்கவும் செய்கிறது.

மூன்றாவதை மேகமூட்டமான நாளில், பத்தடி தூரத்தில் பார்த்தேன். நெஞ்சு ஒயின் நிறம்தான், சந்தேகமே இல்லை. கறுப்பு முதுகுக்கும் அதற்கும் இடையே கோடு போட்டதுபோல் எல்லை தெரிகிறது. நெஞ்சிறகுகள் சிலவற்றின் ஓரத்தில் மெல்லிய வெளிர் விளிம்பு. முகத்துத் தோல் முன்பு பார்த்த அளவிலேயே இருக்கிறது, கண்ணைச் சுற்றி ஏறவில்லை. முதல் வாத்து அதைத் துரத்தியபோதும் உச்சந்தலை சிலிர்க்கவில்லை. நகம் கொஞ்சம் நீளம். சிறகின் முன்பகுதியில் வெள்ளை இல்லை.

இன்னும் இரண்டு கேள்விகள். மல்லார்டு பெட்டை ஒன்றன் பின்னால் அது விடாமல் சுற்றுகிறது. குஞ்சு பொரித்தால் அவை எப்படி இருக்கும்? எண்ணிக்கைப் பட்டியலில் இதை எந்தப் பெயரில் எழுதுவது?

இறகுப்பை:

நெஞ்சு நிறம் அப்படியென்றால் எனக்கும் சம்மதம். மஸ்கோவி கலப்புதான்.

சேற்றுத்தடம்:

குஞ்சு பொரிக்காது. மஸ்கோவியும் மல்லார்டும் ஒன்றுக்கொன்று தூரத்து உறவு, இரண்டும் ஒரே பேரினத்தில்கூட இல்லை. இந்த ஜோடிக்குப் பிறப்பவை மலடு. சுற்றும், தலையாட்டும், மற்ற ஆண்களோடு சண்டைக்கும் நிற்கும், ஆனால் முட்டையில் கரு பிடிக்காது. பண்ணைகளில் மஸ்கோவி ஆணையும் பீக்கின் பெட்டையையும் சேர்த்து இதே கலப்பை இறைச்சிக்காக வேண்டுமென்றே உண்டாக்குகிறார்கள், அதற்கு மியூலார்டு என்று பெயர். மல்லார்டு முட்டை பொரிய 28 நாள், மஸ்கோவிக்கு 35 நாள், மியூலார்டு நடுவே விழுகிறது.

நகத்தைக் குறித்தது நன்று. அதுவும் மஸ்கோவி பக்கத்துச் சொத்து.

பட்டியலுக்கு: பறவைப் பட்டியல் பதியும் இ-பேர்ட் இணையதளத்தைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் மஸ்கோவி, மல்லார்டு கலப்பு என்று தனிப் பதிவே இருக்கிறது, மூன்றாவதை அதில் போடுங்கள். முதலாவதற்கு மல்லார்டு, வளர்ப்பு வகை என்ற பதிவு உண்டு. இரண்டாவது வெறும் மல்லார்டு, அடைப்புக்குறி எதுவும் வேண்டாம். குறிப்புப் பகுதியில் அலகு, நெஞ்சு, வால் பற்றி நீங்கள் இங்கே எழுதியதை ஒரு வரியாவது சேர்த்துவிடுங்கள். சரிபார்ப்பவர் கேள்வி கேட்டு எழுதும் வேலை மிச்சமாகும்.

உங்கள் நண்பரிடமும் சொல்லுங்கள், மூன்றில் ஒன்று அவருக்குச் சரியாக வந்திருக்கிறது.

குளக்கரைவாசி:

சொன்னேன். மூன்றில் ஒன்று போதும் என்கிறார். இப்போது குளத்தில் உள்ள வாத்துகளை எல்லாம் கலப்பு என்று சொல்லிக்கொண்டு வருகிறார், தகப்பன் பெயர் கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுகிறார்.